அட்டவணையில் ஒரு வரி போதுமா? சூலூர் ஹெலிகாப்டர் குழுவினருக்கு ஒரு தீர்மானம் கேட்போம்

(கோவை மாவட்டத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசாப் படிச்சுட்டுப் பகிருங்க.)



நம்ம கூட்டங்கள்ல வழக்கமா பூத் கமிட்டி, வாட்ஸ்அப் குழு, அடுத்த வாரப் பிரச்சாரம்னுதான் பேசுவோம். இன்னைக்கு அதையெல்லாம் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வைங்க. ஒரு ஹெலிகாப்டரைப் பற்றியும், அதுக்குள்ள உட்கார்ந்து பறக்கிற நாலு பேரைப் பற்றியும் பேசப் போறேன். அவங்களுக்கு மக்களவையும் சட்டப்பேரவையும் என்ன செய்யணும், அதுல நமக்கு என்ன வேலைன்னும் சொல்றேன்.

முதல்ல அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம்.

வியட்நாம் போரில் "டஸ்ட் ஆஃப்"னு ஒரு அழைப்புப் பெயர் இருந்தது. காயம்பட்டவங்களைப் போர்க்களத்தில் இருந்து தூக்கிட்டு வர்ற ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்களுக்கு ரேடியோவில் வெச்ச பேரு அது. வண்டி, பெல் கம்பெனி தயாரிச்ச யூ.எச்.-1. உலகமே அதை "ஹியூயி"ன்னுதான் கூப்பிடும். 1962 ஏப்ரலில் 57-வது மருத்துவப் பிரிவு 5 ஹியூயிகளோட வியட்நாம் போய் இறங்குச்சு. ஒரு வண்டிக்கு 4 பேர்: 2 பைலட், வண்டியைப் பராமரிக்கிற க்ரூ சீஃப் ஒருத்தர், மருத்துவ உதவியாளர் ஒருத்தர். கதவில் செஞ்சிலுவை. வண்டியில் பொருத்தின இயந்திரத் துப்பாக்கி கிடையாது. சுடுவாங்கன்னு தெரிஞ்சேதான் இறங்குவாங்க.

1973-ல் போரில் இருந்து அமெரிக்கா விலகுறதுக்குள்ள இந்தக் குழுக்கள் தூக்கிட்டு வந்தவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட 9 லட்சம். அமெரிக்கப் படையினர் மட்டும் இல்லை. தென் வியட்நாம் படையினர், நேச நாட்டினர், உள்ளூர் மக்களும் அதில் அடக்கம்.

ரெண்டு பேரைச் சொல்றேன். மேஜர் சார்லஸ் கெல்லி. 1964 ஜூலை 1-ம் தேதி, குண்டு மழைக்கு நடுவுல இறங்கினார். கீழே இருந்தவங்க "உடனே கிளம்பிப் போங்க"ன்னு ரேடியோவில் கத்தினாங்க. "உங்க காயம்பட்டவங்க என் கைக்கு வந்த பிறகு"ன்னு பதில் சொன்னார். அடுத்த சில நொடியில் குண்டு பாய்ஞ்சு இறந்தார். அந்த ஒரு வரிதான் அதுக்கப்புறம் அத்தனை டஸ்ட் ஆஃப் குழுவுக்கும் மந்திரம் ஆச்சு.

இன்னொருத்தர் பேட்ரிக் பிரேடி. 1968 ஜனவரி 6. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. வேற யாரும் இறங்க முடியாத இடத்துல இறங்கினார். ஒரே நாளில் 3 ஹெலிகாப்டர் மாத்தினார். வண்டி சல்லடையாச்சு, அடுத்த வண்டியில ஏறினார். 51 பேரைத் தூக்கிட்டு வந்தார். அந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைச்சது. இந்த மூடுபனியை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. திரும்ப வருவேன்.

தனிப்பட்ட ஆளுக்கு விருது அப்பவே கிடைச்சிருச்சு. ஆனா பேர் தெரியாத க்ரூ சீஃப், இருபது வயசு மருத்துவ உதவியாளர், இவங்க எல்லாரையும் சேர்த்து நாடாளுமன்றம் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? 2024 செப்டம்பரில்தான் அந்தச் சட்டம் கையெழுத்தாச்சு. வியட்நாம் டஸ்ட் ஆஃப் குழுவினர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே தங்கப் பதக்கம். அமெரிக்கக் காங்கிரஸ் தர்ற தங்கப் பதக்கம்னா சும்மா இல்லை, முதல் பதக்கம் 1776-ல் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் போனது. அமெரிக்கா போரில் இருந்து விலகி 50 வருஷத்துக்கு மேல காத்திருந்து, பறந்தவங்கள்ல பாதிப் பேர் தாத்தா ஆன பிறகு, பலர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த மரியாதை இது.

இதுல அரசியல் பண்றவங்க நாம கவனிக்க வேண்டிய சேதி ஒண்ணு இருக்கு. அந்தத் தங்கப் பதக்க மசோதாவை ஒரு கட்சி தனியா நிறைவேத்திட முடியாது. வழக்கப்படி ரெண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆதரிக்கணும். கீழவையில் 290 பேர், செனட்டில் 67 பேர். டஸ்ட் ஆஃப் மசோதாவை செனட்டில் கொண்டு வந்தது எலிசபெத் வாரனும் ஜான் கார்னினும். ஒருத்தர் ஜனநாயகக் கட்சி, ஒருத்தர் குடியரசுக் கட்சி. மத்த எந்த விஷயத்துலயும் ஒத்துப் போகாத ரெண்டு பேர். இதுக்கு மட்டும் ஒண்ணா நின்னாங்க.

"ஏங்க, வியட்நாம் போரே அநியாயமான போர். அதுல பறந்தவனுக்குப் போய் மரியாதையா?"ன்னு உங்கள்ல சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. அந்தப் போரில் கிராமங்கள் எரிஞ்சது, காடுகள் மேல விஷம் தெளிச்சாங்க. இதே ஹியூயிதான் ராக்கெட்டும் துப்பாக்கியும் கட்டிக்கிட்டு அந்த மண்ணுல தாக்குதலும் நடத்துச்சு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனா இந்தச் சட்டம் போரைப் பாராட்டலை, எல்லா ஹியூயியையும் பாராட்டலை. செஞ்சிலுவை போட்ட வண்டியில் உயிரைத் தூக்கப் போனவங்களை மட்டும் பிரிச்சு எடுத்து எழுதுச்சு. ஒரு அவை நன்றி சொல்லும்போது எதுக்குச் சொல்றோம்னு சரியா எழுதினா, எதுக்குச் சொல்லலைங்கிறதும் அதிலேயே தெரிஞ்சிடும்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

சூலூர் விமானப்படைத் தளம் நமக்கு ரொம்பப் பக்கம். அங்கே இருந்து கிளம்பற ஹெலிகாப்டர் சத்தம் இங்க இருக்கிற பாதிப் பேர் வீட்டு மொட்டை மாடிக்குக் கேட்கும். அந்தச் சத்தம் எங்கெல்லாம் போயிருக்குன்னு பாருங்க. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவங்க சிக்கினப்போ சூலூரில் இருந்துதான் ஹெலிகாப்டர் போச்சு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்னு நூற்றுக்கணக்கான பயணிகள் தவிச்சாங்க. சாலை இல்லை, தண்டவாளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. சாப்பாட்டுப் பொட்டலம் வானத்துல இருந்துதான் வந்துச்சு. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவு. அதுக்கும் சூலூரில் இருந்து வண்டி கிளம்புச்சு.

அதே சூலூரில் இருந்து 2021 டிசம்பர் 8-ம் தேதி, காலை 11.48-க்கு ஒரு எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் வெலிங்டனுக்குக் கிளம்புச்சு. 12.15-க்கு இறங்க வேண்டியது. 12.08 வாக்கில் தொடர்பு அறுந்து போச்சு. குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்து எரிஞ்சது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா, உடன் வந்த படையினர்னு 13 பேர் அன்னைக்கே இறந்தாங்க. குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ல் இறந்தார். மொத்தம் 14 உயிர்.

ஜெனரல் ராவத் பேரு நம்ம எல்லாருக்கும் தெரியும். வண்டியை ஓட்டிட்டுப் போன குழுவோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்?

அமைதியா இருக்கீங்க. பரவாயில்லை, நான் சொல்றேன். விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான், ஆக்ராக்காரர். சூலூர் 109-வது ஹெலிகாப்டர் பிரிவின் கமாண்டிங் ஆபீசர். ஸ்க்வாட்ரன் லீடர் குல்தீப் சிங், ராஜஸ்தான் ஜுன்ஜுனு. ஜூனியர் வாரண்ட் ஆபீசர் ராணா பிரதாப் தாஸ், ஒடிசா. ஜூனியர் வாரண்ட் ஆபீசர் அரக்கல் பிரதீப், கேரளா திருச்சூர். 2018 கேரள வெள்ளத்தில் மீட்புப் பணியில் பறந்தவர் இந்தப் பிரதீப். நாலு மாநிலத்துக்காரங்க, நம்ம மாவட்டத்துல வேலை பார்த்தவங்க, நம்ம நீலகிரியில உயிரை விட்டவங்க.

நம்ம நாடாளுமன்றம் ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய்யாயிடும். மறுநாள் டிசம்பர் 9-ம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ரெண்டு அவையிலும் அறிக்கை வாசிச்சார். அஞ்சலி செலுத்தினாங்க. இந்த நாலு பேர் பேரும் அவைக்குறிப்பில் இறந்தவங்க பட்டியலில் இருக்கு.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க. 2022 ஜனவரியில் முப்படை விசாரணை நீதிமன்றத்தோட முதல்கட்ட முடிவு வந்துச்சு. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லைன்னு தெளிவாச் சொன்னாங்க. பள்ளத்தாக்கில் வானிலை திடீர்னு மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ள நுழைஞ்சது, பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பி, வண்டி மலையில் மோதியதுன்னு சொன்னாங்க.

2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கை வெச்சது. 2017-ல் இருந்து 2022 வரைக்கும் விமானப்படையில் நடந்த 34 விபத்துகளுக்கு ஒரு அட்டவணை. தேதி, விமானம், காரணம். 2021 டிசம்பர் 8-ம் தேதிக்கு நேரா காரணம் பத்தியில் என்ன இருந்துச்சுன்னா, விமானக் குழுவின் மனிதத் தவறு. அவ்வளவுதான். அன்னைக்கு சாயங்காலம் எல்லா சேனலிலும் அதான் தலைப்பு. "ராவத் விபத்துக்கு மனிதத் தவறே காரணம்." நம்ம ஆளுங்களும் யோசிக்காம ஷேர் பண்ணினாங்க.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லணும். விபத்து விசாரணையில் "மனிதத் தவறு"ங்கிறது ஒரு வகைப்பாடு. வண்டி உடைஞ்சுச்சா, பறவை மோதிச்சா, வெளிநபர் நாசவேலையா, இல்லை ஓட்டினவங்க முடிவு சம்பந்தப்பட்டதான்னு பெட்டி பெட்டியாப் பிரிப்பாங்க. இயந்திரம் நல்லா ஓடிட்டிருக்கு, பைலட் கட்டுப்பாட்டிலேயே இருக்கு, ஆனா கண்ணு மறைஞ்சு மலையில் மோதுதுன்னா அது இந்தப் பெட்டிக்குள்ளதான் விழும். மேகத்துக்குள்ள போனதும் நம்ம காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். வண்டி சாயுது, நேரா போறோம்னு தோணும். எத்தனை அனுபவம் இருந்தாலும் உடம்பு அப்படித்தான். அதனால "அலட்சியம் இல்லை"ங்கிற விசாரணை முடிவும், "மனிதத் தவறு"ங்கிற அட்டவணை வரியும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்லை. ஆனா மக்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது ரெண்டாவது மட்டும்தான்.

நிலைக்குழு தப்பு பண்ணிடுச்சுன்னு நான் சொல்லலை. அட்டவணைக்கு அந்த வரி சரி. விபத்தை எண்ணாம, காரணத்தைப் பிரிக்காம பாதுகாப்பு வராது. என் கேள்வி வேற. நம்ம சட்டமன்றங்களோட பதிவேட்டில் இந்த நாலு பேரைப் பற்றிக் கடைசியா இருக்கிற வார்த்தை அந்த வரிதானா?

மூடுபனியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? பிரேடி பனிக்குள்ள போனார், வெளியே வந்தார், விருது வாங்கினார். சௌகான் குழு மேகத்துக்குள்ள போச்சு, வெளியே வரலை. பைலட் பார்வையில் ரெண்டு இடத்திலும் முன்னாடி இருந்தது ஒரே வெள்ளைச் சுவர்தான். திரும்பி வந்தவங்களை மட்டும் கொண்டாடுவோம், வராதவங்களை அட்டவணையில் போடுவோம்னா, அடுத்த வெள்ளத்துக்கு எந்த நம்பிக்கையில் ஒருத்தர் வண்டியை எடுப்பார்?

மக்களுக்கு இது தெரியும்ங்க. 2018 கேரள வெள்ளத்தில் கடற்படை ஹெலிகாப்டர் ஒரு வீட்டு மாடியில் இருந்து ரெண்டு பெண்களைத் தூக்கிட்டுப் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அதே மாடியில் பெரிய வெள்ளை எழுத்தில் "நன்றி"ன்னு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாங்க, மேல பறக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி. நஞ்சப்பசத்திரத்து மக்கள் தீயைப் பார்த்து ஓடினாங்க, தண்ணி கொண்டு போனாங்க, வீட்டுல இருந்த கம்பளியைக் கொடுத்தாங்க. ராணுவம் அந்த ஊருக்குத் திரும்ப வந்து நன்றி சொல்லுச்சு. சாதாரண மக்களுக்கும் படைக்கும் நடுவுல மரியாதை இருக்கு. நடுவுல இருக்கிற அவைகள்தான் இன்னும் சரியான வார்த்தையைத் தேடி எடுக்கலை.

"அதான் வீர விருது இருக்கே"ன்னு கேட்பாங்க. இருக்கு. அது அரசு பரிந்துரைச்சு, குடியரசுத் தலைவர் தர்றது, தனிநபருக்குத் தர்றது. அதை நாம தொட வேண்டாம். நான் சொல்றது மக்கள் தேர்ந்தெடுத்த அவை, மக்கள் சார்பா, ஒரு குழுவுக்குச் சொல்ற நன்றி. நம்ம அரசியலமைப்பின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழிச்சப்போகூட, ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு விலக்கு கொடுத்தது. தீர்மானம் போடுறதுக்கு எந்தத் தடையும் இல்லை. மனசு மட்டும் வேணும்.

தீர்மானத்தில் என்ன எழுதணும்? நம்ம குழு மூணு விஷயம் கேட்கலாம்னு நான் நினைக்கிறேன்.

1. நாலு பேர் பெயரும், பதவியும். விசாரணை நீதிமன்றம் அலட்சியம் இல்லைன்னு சொன்ன முடிவும். ரெண்டும் ஒரே பத்தியில் இருக்கணும். நாளைக்கு அவங்க பிள்ளைங்க தேடும்போது கிடைக்கிற அரசுப் பதிவு இதுவா இருக்கணும்.

2. குரங்கணியில் இருந்து தென்மாவட்ட வெள்ளம் வரைக்கும் தமிழ்நாட்டு மக்களுக்காகப் பறந்த சூலூர் ஹெலிகாப்டர் பிரிவுகளுக்குத் தமிழ்நாடு சட்டப்பேரவையின் நன்றி. பைலட் மட்டும் இல்லை, கயிறைப் பிடிச்சு இறக்கினவர், தரையில் நட்டு முடுக்கினவர் வரைக்கும்.

3. ஒன்றிய அரசுக்கு ஒரு கோரிக்கை. இது ரொம்ப முக்கியம். 2022 ஏப்ரலில் சேத்தக் ஹெலிகாப்டரின் 60 வருஷ சேவையை ஹகிம்பேட்டையில் விழாவாவே கொண்டாடினாங்க. அருமையான வண்டிதான், சந்தேகம் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நிறைமாத கர்ப்பிணியைத் தூக்கினது அந்தச் சேத்தக்தான். ஆனா 60 வயசு வடிவமைப்பு இன்னும் பறக்குதுன்னா பாராட்டு பாதி, கவலை பாதி. 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து 3 பேர் இறந்தாங்க, அதுக்கப்புறம் நாடு முழுக்க துருவ் வண்டிகளை நிறுத்தி வெச்சாங்க. பழைய வண்டிகளை எப்போ மாத்துவீங்க, மலைப்பகுதியில் பறக்கிறவங்களுக்கு வானிலைத் தகவலும் தரை எச்சரிக்கைக் கருவியும் எந்த நிலையில் இருக்கு, விபத்து அறிக்கைகளின் சுருக்கத்தை அவையில் வைப்பீங்களா? ரகசியம் கேட்கலை, காலக்கெடு கேட்கிறோம்.

இந்த மூணாவது இல்லாம முதல் ரெண்டும் வெறும் மாலை மரியாதைதான். பறக்கிறவனுக்கு நன்றி சொல்லிட்டு, பழைய வண்டியையே கையில் கொடுத்தா அந்த நன்றிக்கு அர்த்தம் இல்லை.

கடைசியா நமக்கு, நம்ம ஐ.டி. விங்குக்கு.

இதை ஒரு கட்சியின் தீர்மானமா கொண்டு போனா அன்னைக்கே செத்துடும். அமெரிக்காவில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து ஏன் கேட்கிறாங்கன்னு இப்பப் புரியுதா? நாளைக்கு ஆட்சி மாறினாலும் யாரும் அந்த மரியாதையைத் திரும்ப எடுக்கக் கூடாதுன்னுதான். அதனால எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. முதலில் எழுந்து பேசினாலும் நாம கைதட்டணும். அவர் பேசின வீடியோவை நம்ம பக்கத்துலயும் போடணும்.

போஸ்டர் போடும்போது குழுவினர் படத்துக்குப் பக்கத்துல நம்ம கட்சிக் கொடி வேண்டாம், தலைவர் படமும் வேண்டாம். எரிஞ்ச ஹெலிகாப்டர் படத்தைப் போடவே போடாதீங்க, அவங்க வீட்டுல இருக்கிறவங்களும் ஃபோன் வெச்சிருக்காங்க. 2021 டிசம்பர் 8 மதியம் ஞாபகம் இருக்கா? அதிகாரப்பூர்வ அறிவிப்பு சாயங்காலம்தான் வந்துச்சு, அதுக்குள்ள ஆயிரம் வதந்தி ஓடிடுச்சு. சதின்னு ஒருத்தன், அவன் நாடு இவன் நாடுன்னு ஒருத்தன். அடுத்த தடவை எந்த விபத்து நடந்தாலும், அறிவிப்பு வர்ற வரைக்கும் நம்ம குழுக்கள்ல ஒரு வரி போகக் கூடாது. அட்மின்கள் இதைப் பொறுப்பா எடுத்துக்கங்க.

செய்ய வேண்டியது இதுதான். உங்க தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியா இருந்தாலும் ஒரு கடிதம் எழுதுங்க. எம்.பி.க்கும் எழுதுங்க, பூஜ்ய நேரத்தில் எழுப்பச் சொல்லுங்க. கோபம் வேண்டாம், கிண்டல் வேண்டாம். மேலே சொன்ன மூணு கோரிக்கை, நாலு பெயர், உங்க கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். மாதிரிக் கடிதம் கமெண்டில் இருக்கு, ஆனா அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க ஊருக்கு ஹெலிகாப்டர் வந்த நாள் ஒண்ணு இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க. பதில் வந்தா இங்கே போடுங்க. வரலைன்னா ஒரு மாசம் கழிச்சு இன்னொரு கடிதம் போடுங்க.

டஸ்ட் ஆஃப் குழுவினர் 50 வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. சூலூர்க்காரங்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

பிருத்வி சிங் சௌகான். குல்தீப் சிங். ராணா பிரதாப் தாஸ். அரக்கல் பிரதீப். இந்த நாலு பேரையும் மனப்பாடம் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க.



#சூலூர்குழுவுக்குத்தீர்மானம்